நான்காவது பீப்

இந்தக் கதை எனக்கு இரண்டு கை மாறி வந்தது. மாரிச்செல்வி என்ற டப்பிங் கலைஞர், வடபழனியில் தன்னோடு ஒரே விடுதி அறையில் இருக்கும் பூங்கொடியிடம் சொன்னார். பூங்கொடி என்னோடு கல்லூரியில் படித்தவள்; அவள் எனக்குச் சொன்னாள். மாரிச்செல்வியை நான் நேரில் பார்த்ததில்லை. நடந்த இடம் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். கணினியைத் தமிழ் பேசவைக்கும் ஒரு நிறுவனத்துக்காக ஆறு நாட்கள் அங்கே அவர் குரலைப் பதிவு செய்தார்கள். ஆறாம் நாள் பிற்பகல், எல்லாம் முடிந்தபின், மைக்கின் முன்னால் அவர் பேசாமல் நிற்க வேண்டியிருந்த கொஞ்ச நேரம்தான் கதை. அந்த நேரத்தில் ஒருவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று மூன்றாவது ஆளான எனக்கு எப்படித் தெரியும்? முழுதாகத் தெரியாது. பூங்கொடி சொன்னதை விடாமல் எழுதியிருக்கிறேன். இடைவெளிகளில் என் பயமும் கொஞ்சம் கலந்திருக்கும். 'அவர்' என்று தொடங்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், நகரவில்லை. அதனால் இனி வருகிற 'நான்' மாரிச்செல்வி.

"அவ்ளோதான் மாரி. ரூம் டோன் மட்டும் எடுத்துட்டு உன்னை விட்டுர்றேன். அசையாம நில்லு" என்றார் ஒலிப்பதிவாளர் ஜெரால்டு சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. ஏசியை நிறுத்திவிட்டார். சிவப்பு விளக்கு எரிகிறது. இனி நான் இல்லாதவள் மாதிரி நிற்க வேண்டும், ஆனால் நிற்க வேண்டும். ஆளே இல்லாத அறையின் சத்தம் வேறு, ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு நிற்கிற அறையின் சத்தம் வேறு என்று முதல் வருஷமே அவர் சொல்லியிருக்கிறார். உடம்பு கொஞ்சம் சத்தத்தைக் குடித்துக்கொள்ளுமாம். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடங்களில் இந்த வெறும் சத்தத்தை அடியில் பரப்புவார்கள். இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு நடுநடுவே காது அடைத்துத் திறந்த மாதிரி இருக்கும். கணுக்காலில் கொசு கடித்த இடம் அரிக்கிறது. அரிக்கட்டும். மதியம் ஒரு வாழைப்பழம்தான் தின்றேன், வயிறு கத்தக் கூடாது. பட்டினி கிடந்தாலும் கத்தும், நிறையத் தின்றாலும் கத்தும், ஒரு வாழைப்பழம்தான் கணக்கு, இதை மூன்று டேக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வளையல் பைக்குள். துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பருத்திச் சுடிதார், இதுதான் சரசரக்காது. ஆறு வருஷமாக நல்ல துணி எதையும் வேலைக்குப் போட்டதில்லை. ஊருக்குப் போனால் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிடுவாள், "ஏட்டி, சினிமாவுல வேல பாக்கான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், நீ என்னன்னா சாயம் போன துணியில வந்து எறங்குத." முதுகில் ஒரு வேர்வைத் துளி இறங்குகிறது. அதற்குச் சத்தம் உண்டா. எதிரே ஸ்டாண்டில் நான் படித்த தாள்கள், பறக்காமலிருக்கக் கிளிப் போட்டு. அவற்றுக்கு மேல் நிறுவனம் கொடுத்த ஒப்பந்தம், ஏழாம் பக்கம் தெரிகிற மாதிரி மடித்து. மடித்து வைத்தது நான்தான். ஏன் மடித்து வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டியது பதினொன்றாம் பக்கத்தில். பதினொன்றைத்தானே மேலே வைத்திருக்க வேண்டும்.

"போறப்ப கையெழுத்துப் போட்டுக்கலாம்க்கா, ஸ்டுடியோ டைம் ஓடுது, லைன்ஸ ஆரம்பிச்சுருவோம்" என்று முதல் நாள் அபிநயா சொன்னாள். நிறுவனம் அனுப்பிய பெண், என்னைவிட ஐந்து வயது சின்னவள், கையில் எப்போதும் ஒரு லேப்டாப்பைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் சரி என்றேன். எங்கள் வேலையில் அதுதான் பழக்கம், முதலில் குரல், பிறகு தாள். ஆனால் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி போனவளுக்கு ஒரு வியாதி உண்டு, அச்சடித்த எதையும் படிக்காமல் கீழே வைக்க முடியாது. ரேஷன், வங்கி, கேஸ், ஆஸ்பத்திரி, எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாத் தாளையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்தான் படித்துச் சொன்னேன். ஒரு வரி விட்டுப்போனால் குடும்பமே மாட்டிக்கொள்ளும் என்று பயந்து பயந்து படித்துப் பழகியவள். இதையும் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஐந்து நாளாகப் படித்தேன். இங்கிலீஷ். அகராதி வைத்துக்கொண்டு. ஏழாம் பக்கத்தில் 'பேச்சு, பேச்சல்லாத ஒலிகள், உணர்ச்சி வெளிப்பாடுகள்' என்று இருக்கிறது. 'எல்லாக் காலத்துக்கும்' என்று இருக்கிறது. 'இப்போது உள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கிற எல்லா ஊடகங்களிலும்' என்று இருக்கிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கிற. ஓடுகிறபோது துப்பட்டா ஆணியில் மாட்டுகிற மாதிரி அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். யாரும் இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றில் நான் என்ன செய்துகொண்டிருப்பேன். சிரிக்கிறேனா. எதையாவது விற்கிறேனா. முதல் ஐந்து நாள் படித்த அறுநூறு வரிகள் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. 'உங்கள் ரயில் பத்து நிமிடம் தாமதமாக வரும்.' 'மாத்திரையை உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளவும்.' 'தயவுசெய்து காத்திருக்கவும்.' எடுத்துக்கொள்ளட்டும். ரயில் தாமதம் என்று என் குரலில் கேட்டு யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டால் எனக்கென்ன நஷ்டம். ஆனால் இன்று காலை அபிநயா கொண்டுவந்தது வேறு தாள். 'உணர்ச்சித் தொகுப்பு: அழுகை. நாற்பது வகை.' லேசான விம்மல். விம்மலோடு பேச்சு. பொய்யான அழுகை. சிரிப்பும் அழுகையும். வரிசையாக எண் போட்டு, எதிரே எத்தனை நொடி என்று போட்டு. "உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு சொன்னாங்கக்கா" என்றாள்.

தண்ணி பட்ட பாடுதான். அழுகைக்கு மாரியைக் கூப்பிடு என்பார்கள். கதாநாயகிக்குப் பேசுகிற பெண் நன்றாகப் பேசுவாள், காதல் வசனத்தில் தேன் வழியும், அழச் சொன்னால் தும்முகிற மாதிரி இருக்கும். அந்த ஏழு நொடிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வந்து வேறொருத்தி குரலுக்குள் நுழைந்து ஏழு நொடி அழுதுவிட்டு வெளியே வருவேன். ஒட்டுப் போட்ட தையல் தெரியாது. படம் வந்த பிறகு அந்தப் பெண்ணே கேட்டுவிட்டு "நான் எப்ப இப்படி அழுதேன்" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள். ஆறு வருஷத்தில் எத்தனை முகங்களுக்கு அழுதிருக்கிறேன். தெலுங்கு முகம், மலையாள முகம், கொரியா முகம். எல்லா அழுகைக்கும் முன்னால் காதில் மூன்று பீப் வரும். பீப், பீப், பீப். ஒரு நொடிக்கு ஒன்று. நான்காவது வராது. நான்காவது வர வேண்டிய இடத்தில் நான் தொடங்க வேண்டும். அதுதான் ஒழுங்கு, அதுதான் என் எஞ்சின் சாவி. மூன்று பீப் கேட்டால் தூக்கத்தில்கூட என் தொண்டை தயாராகும். ஒருமுறை லிஃப்டில் மூன்று மாடிக்கு மூன்று சத்தம் வந்து கதவு திறந்ததும் எனக்கு விம்மல் வந்துவிட்டது, பக்கத்தில் நின்றவர் "என்னம்மா, தப்பான மாடியா" என்றார். ஜெரால்டு சாரிடம் சொன்னபோது ஒரு வாரம் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். வழக்கமாக ஒரு நிமிஷம் எடுப்பார். ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

அப்பாவும் மைக் வேலைதான். சங்கரன்கோவிலில் விளம்பர ஆட்டோ, உச்சியில் இரண்டு குழாய், உள்ளே அப்பா ஒரு கையில் மைக்கோடு. அப்பா பேர் குருவையா, குருவையா வந்தால் கடை திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பேசுவதற்கு முன் ஒரு செருமல் உண்டு, "கர்க்கும்" என்று, தொண்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரி. பிறகுதான் "தாய்மார்களே." ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர், அண்ணாச்சி தினமும் எதுக்குக் கத்தணும், ஒரே தடவை பேசிக் குடுத்துருங்க, பென்டிரைவுல போட்டுக்கிடுதோம் என்றார். அப்பா குளித்து, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு போய்ப் பேசிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிவந்தார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்டோ ஓடியது, அப்பாவின் குரலும் ஓடியது, அப்பா மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவில் தன் குரல் போவதை வாசலில் நின்று கேட்பார். "நல்லாத்தாம்ட்டி பேசியிருக்கேன்" என்பார். அவர் செத்து இரண்டு வருஷம். குரல் இன்னும் போகிறது. முதல் தடவை போனில் அம்மா சொன்னபோது, கடையில் போய்ச் சண்டை போடலாம் என்றேன். அம்மா, "ஏட்டி, நீ சும்மா கெட. அப்பா போறாருட்டி. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை வந்து போறாரு. அது ஒனக்குப் பொறுக்கலையா?" என்றாள். போனை வெளியே நீட்டிக் காட்டினாள். தலையணை உறை, போர்வை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதற்கு முன்னால், கர்க்கும். கடைக்காரர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார், அல்லது வெட்டத் தெரியவில்லை. அம்மா அந்தச் செருமலுக்குத்தான் ஓடிவந்து நிற்கிறாள், போர்வைக்கு அல்ல. அப்படியென்றால் குரல் தனியாகப் போவது தப்பில்லையோ. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கிற ஒன்றை நான் எதற்குத் திருட்டு என்கிறேன். இதை ஐந்து நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் வந்து நிற்கிறேன். அப்பா போர்வையைக் கொடுத்தார். அது அவர் கொடுத்ததுதான், குளித்து, சட்டை மாற்றி, தெரிந்தே கொடுத்தது. செருமல் அவர் கொடுத்ததா. அது கூடவே போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஏழாம் பக்கத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பேச்சல்லாத ஒலிகள் என்று. அந்த அளவுக்கு இவர்கள் அந்த ஜவுளிக்கடைக்காரரைவிட நேர்மை. கேட்டதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வண்டி ஹாரன். தெருவில். ஜெரால்டு சார் நிமிர்கிறார், மறுபடி குனிகிறார், பதிவில் விழுந்திருக்காது. அசையாதே. பாளையங்கோட்டையில், அப்பா செத்த ஆஸ்பத்திரி வார்டில், நான் இப்படித்தான் நின்றேன், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு. அப்பாவின் கட்டிலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு மாட்டியிருந்த மிஷின் மட்டும் பீப், பீப், பீப் என்றது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். எனக்கும் தொண்டைக்குள் எல்லாம் வந்து நின்றது. மூன்று எண்ணினேன். நான்காவது இடத்தில் தொடங்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன், நான்காவது பீப் வந்துவிட்டது. சரி, மறுபடி மூன்று. மறுபடி நான்காவது வந்துவிட்டது. அந்த மிஷின் நிற்கவே இல்லை, அந்த மனிதர் பிழைத்துக்கொண்டிருந்தார், நல்லது, பிழைக்கட்டும், எனக்கு மட்டும் இடைவெளியே கிடைக்கவில்லை. இதை வெளியில் யாரிடம் சொல்ல முடியும். வேறு எந்த மகளாவது இப்படி ஒரு தப்புச் செய்வாளா. வீட்டுக்குக் கொண்டுவந்தோம், எடுத்தோம், பதினாறும் முடிந்தது, நான் அழவில்லை. அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள், "மெட்ராசுல துட்டு குடுத்தா அழுவா. இங்க யாரு குடுக்கா?" நான் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அத்தை சொன்னது பொய் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் பயம். நான்கு மாதம் கழித்து இதே அறையில், இதே கம்பளத்தில், ஒரு மலையாளப் படம். விமான நிலையம். அண்ணன் வெளிநாடு போகிறான், தங்கை கையசைக்கிறாள், எட்டு நொடி லேசான அழுகை. மூன்று பீப் வந்தது. இடைவெளி வந்தது. தொடங்கினேன். எட்டு நொடி முடிந்து படத்தில் விமானமே பறந்துவிட்டது, நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஜெரால்டு சார் கட் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு அதில் எட்டு நொடி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் இருக்கிறது, என் அப்பாவுக்கான அழுகையின் எட்டு நொடி, வேறொருத்தி முகத்தில், துபாய் போகிற அண்ணனுக்காக. அது பரவாயில்லை. அன்றைக்கு அது போக ஒரு இடம் வேண்டியிருந்தது, அந்த முகம் இடம் கொடுத்தது.

இன்றைக்கு முகம் இல்லை. படம் இல்லாததால் பீப்பும் இல்லை. முப்பத்தொன்பது வரை எப்படியோ பழக்கத்தில் ஓட்டிவிட்டேன். நாற்பது: 'நெருங்கிய உறவினர் மரணம். இருபது நொடி.' வரவில்லை. இரண்டு தடவை வரவில்லை. "சார், மூணு பீப் மட்டும் போடுங்களேன்" என்றேன். "டேட்டாவுல பீப் விழக்கூடாதே" என்றாள் அபிநயா. "ஹெட்ஃபோன்ல மட்டும்தாம்மா போகும், நீ லேப்டாப்பப் பாரு" என்றார் ஜெரால்டு சார். போட்டார். வந்தது. மிச்சம் இருந்திருக்கிறது போல, இரண்டு வருஷம் கழித்தும். இருபது நொடி கழித்து நிமிர்ந்தபோது ஜெரால்டு சார் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். அபிநயா, பாவம், கெட்டவள் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சூப்பர்க்கா. இத வச்சு எந்தக் குரலையும் அழ வச்சுரலாம்" என்றாள். "எதுக்கெல்லாம் யூஸ் பண்ணுவீங்க?" என்றேன். "எல்லாத்துக்கும்க்கா! சீரியல், கேம், விளம்பரம். இனிமே நீங்க இவ்ளோ கஷ்டப்பட வேணாம், ஏஐ பாத்துக்கும்." கஷ்டப்பட வேண்டாம். அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். ஒரு குழந்தைகள் விளையாட்டில் பொம்மை குழியில் விழுந்ததும் என் நாற்பதாவது அழுகை ஒலிக்கும். மறுபடி விழும், மறுபடி ஒலிக்கும். யாராவது அதைச் சட்டென்று மௌனமாக்குவார்கள், எரிச்சலில். அதில் அப்பா இருக்கிறார். இருக்கிறாரா. ஒலியில் ஒருவர் இருக்க முடியுமா. தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைகளில்.

முதல் நாளே, ஏழாம் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது கோமதி அக்கா எச்சரித்தாள். இருபது வருஷம் கூட்டக் குரல் கொடுத்தவள், கல்யாண வீடு, கலவரம், சந்தை, எல்லாவற்றிலும் பின்னால் கத்துகிற குரல் அவளுடையது. இப்போது சந்தையை மிஷினே போட்டுக்கொள்கிறது, அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறாள். "இங்கயும் மைக்தான்டி. ஆனா நான் கூப்பிட்டா பயந்துக்கிட்டு வர்றாங்க, அதான் வித்தியாசம்" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள், "மாரி, நீ குடுக்கலைன்னா இன்னொருத்தி குடுப்பா. அவ அழுகை உன்னதவிட மட்டமா இருக்கும். அதையே கேட்டு ஜனம் பழகிக்கும். அப்புறம் உன் நல்ல அழுகைய வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே, வீட்ல மாட்டி வைப்பியா?" இதற்கு ஐந்து நாளாகப் பதில் தேடினேன். பதில் இல்லை. அக்கா சொல்வது சரி. இன்னொருத்தி கொடுப்பாள். எனக்கு அடுத்த மாதம் அழுகை வேலை வராமலே போகலாம். பழைய படங்களிலிருந்து ஏற்கெனவே உருவியிருக்கலாம், எனக்கே தெரியாமல். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தும், ஸ்டாண்டில் ஏழாம் பக்கம்தான் மேலே இருக்கிறது. பயம் இருக்கிறது, வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில். பயம் போன பிறகு பேசலாம் என்று நின்றால் இந்தக் கம்பளத்திலேயே நரைத்துவிடுவேன். பதில் இல்லாமலே ஒன்றை முடிவு செய்யலாம் போல. அறுநூறு வரியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அது நான் குளித்து, சட்டை மாற்றிக் கொடுத்தது. நாற்பது அழுகையையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அழுகை வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிடட்டும், நான் பஸ் பிடித்து வருவேன், வந்து அந்த முகத்தைப் பார்ப்பேன், எதற்காக என்று கேட்பேன், அப்புறம் அழுவேன். கூப்பிடாவிட்டால் வேறு வேலை பார்ப்பேன். டோக்கன் கூப்பிடுவேன். ஆனால் சொல்ல வேண்டும். எங்கே சொல்வது. வெளியே போய் அபிநயாவிடம் சொன்னால், "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்க்கா" என்பாள், அது ஒரு மெயிலாகி, மெயில் ஒரு வரியாகி, அந்த வரியை யாரும் படிக்க மாட்டார்கள். இங்கே சொன்னால்? இந்த மௌனத்தைத்தான் அறுநூறு வரிக்கும் அடியில் பரப்பப் போகிறார்கள். இதைக் கேட்காமல் அவர்கள் ஒரு வரியைக்கூடத் தொட முடியாது. ஆனால் ரூம் டோனில் பேசுவதா. இருமினால்கூட ஒன் மோர். ஆறு வருஷம் மைக் முன்னால் நின்றவள், இந்த மைக்கில் என் சொந்த வாக்கியம் என்று எதைச் சொல்லியிருக்கிறேன்? 'சாரி சார், ஒன் மோர்.' அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறு யாரோ எழுதி, வேறு யாரோ வாயசைத்தது. காதில் பீப் இல்லை. வராது. சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. இடம் இருக்கிறது. வாயைத் திற.

மாரிச்செல்வியின் 'நான்' இங்கே முடிகிறது. அவர் பேசியதையும் அதற்குப் பின் நடந்ததையும் பூங்கொடி சொன்னபடி சொல்கிறேன். "என் பேர் மாரிச்செல்வி. நான் படிச்ச அறுநூறு வரிய வச்சுக்கோங்க, சம்மதம். நாப்பது அழுகைய வச்சுக்க எனக்குச் சம்மதம் இல்ல. நான் இங்க நிக்கும்போதே அத அழிச்சுருங்க." இதுதான் அவர் பேசியது. பிறகு ஜெரால்டு ஸ்பீக்கரில் கேட்டார்.

"மாரி, டோன்ல பேசிட்டியேம்மா. ஒன் மோர் போலாமா?"

"ஒன் மோர் இல்ல சார்."

"அக்கா, ஆபீஸ்ல என்னைக் கொன்னே போட்ருவாங்க" என்றாள் அபிநயா.

"நம்பர் போட்டுக் குடும்மா, நான் பேசுறேன். உன்னை ஏன் கொல்றாங்க, பேசினது நானு" என்றார் மாரிச்செல்வி.

பேசினார். மேலாளர் முதலில் சட்டம் சொன்னார். கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்று தெரிந்ததும், ஆறு நாள் வேலை முழுவதும் கையைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியிருக்க வேண்டும். அழுகைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், அறுநூறை வாங்கிக்கொண்டு வா என்று அபிநயாவிடம் சொல்லிவிட்டார். ஏழாம் பக்கத்தில் இரண்டு வரிகளை மாரிச்செல்வி அளவுகோல் வைத்து அடித்து, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, அபிநயாவையும் போட வைத்தார். ஜெரால்டின் கணினியிலும் அபிநயாவின் லேப்டாப்பிலும் நாற்பது கோப்புகளும் அழிகிறவரை நின்றே இருந்தார். இன்னொரு ரூம் டோன் எடுக்க அவர் உள்ளே போகவில்லை. பேசுவதற்கு முந்திய பகுதியே போதும் என்று ஜெரால்டு கோப்பை அப்படியே அனுப்பிவிட்டார்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: நான் வேலை பார்ப்பது அந்த நிறுவனத்தில்தான். பதிவுகளைக் கேட்டு, எங்கே மூச்சு, எங்கே பேச்சு, எங்கே வெறும் அறை என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டிலிருந்தும் முதலில் கல்லூரி போனவள் நான்தான். இந்த வேலை போனால் என்ன ஆகும் என்ற கணக்கும் எனக்குத் தெரியும். பூங்கொடி சொன்ன அன்றைக்கு நான் அதைப் பாதிதான் நம்பினேன். மூன்று வாரம் கழித்து அந்தக் கோப்புகள் முறைப்படி என் மேஜைக்கு வந்தன. அப்போது சரிபார்த்தேன். மாரிச்செல்வியின் பெயரில் அறுநூறு வரிகள் இருக்கின்றன. அழுகை என்ற கோப்புறை காலியாக இருக்கிறது. அதற்கு அடுத்த கோப்புறையில் வேறு ஒருவரின் நாற்பது அழுகைகள் இருக்கின்றன. ரூம் டோனும் இருக்கிறது. ஐந்து நிமிஷமாவது நின்றிருப்பேன் என்று அவர் பூங்கொடியிடம் சொல்லியிருந்தார். கோப்பின் மொத்த நீளம் ஒரு நிமிடம் நான்கு நொடி. பேசியது நாற்பத்து நான்காவது நொடியில், பூங்கொடி சொன்ன அதே வார்த்தைகள். அதற்குச் சற்று முன்னால், பூங்கொடி சொல்லாத ஒன்று, ஒருவேளை மாரிச்செல்விக்கே தெரியாத ஒன்று, பதிவாகியிருக்கிறது. ஒலியைக் கூட்டி வைத்தால்தான் கேட்கிறது: நாக்கால் மேலண்ணத்தைத் தட்டுகிற மெல்லிய சத்தம், மூன்று முறை. அளந்து பார்த்தேன். நாற்பத்தொன்றில் ஒன்று, நாற்பத்திரண்டில் ஒன்று, நாற்பத்து மூன்றில் ஒன்று. நான்காவது வர வேண்டிய இடத்தில் அவர் பேசத் தொடங்குகிறார்.